கேட்டோர் காத்த இசை

கலைகளுள் இசைக்கெனத் தனியியல்பு ஒன்று உண்டு. சிற்பி செதுக்கிய உருவம் அவன் மறைந்த பின்னரும் கோயிற் சுவரில் நிற்கும். ஓவியன் தீட்டிய படம் சுவர் உள்ளளவும் விளங்கும். புலவன் இயற்றிய செய்யுள் ஏட்டில் வாழும். இசையோ பிறந்த கணத்திலேயே மறைந்து விடுகின்றது. பாடகன் வாய் மூடியதும் பாட்டு முடிந்தது. மறுநாள் அதனையே அவன் மீண்டும் பாடினும், அது முதல் நாட் பாட்டு ஆகாது. குரலும் மனமும் சபையும் வேறாகிவிட்டன.

மறைந்த ஓசையை மீட்டுத் தரும் கருவிகள் இன்று பல உள. இசைத்தட்டும் ஒலிநாடாவும் போய், உலகின் இசை முழுவதும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. பிழை களைந்து செப்பஞ் செய்த ஒலிப்பதிவை வீட்டிலிருந்தபடியே எவரும் கேட்கலாம். அவ்வாறிருக்க, மேல்நாட்டு றொக் இசைக்குழுக்களின் இரசிகர் பலர், செப்பமான இசைத்தட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, இருமலும் கைதட்டலும் கலந்த மேடைக் கச்சேரியின் பதிவைத் தேடி அலைவது ஏன்? நம்மிற் பலர் இதனை 'இளைஞர் வெறி' என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். ஆசிரியருள்ளும் அவ்வாறு கூறுவார் உளர். அது பொருந்தாத் தீர்ப்பு என்பது எனது கருத்து. மேடையிசைமேல் வைத்த விருப்பம், முறையாக வளருமாயின், செவிக்குக் கல்வியாகவும் கலைக்குக் காவலாகவும் அமையும். இதற்குத் தக்க சான்றாக அமெரிக்க நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன்.

அக்குழுவின் பெயர் கிறேற்புல் டெட். கலிபோர்ணியா மாநிலத்தின் பாலோ அல்ற்றோ நகரில் 1965ஆம் ஆண்டு அது தோன்றியது. ஜெறி காசியா, பொப் வியர், றொன் மக்கேணன், பில் லெஷ், பில் குறூட்ஸ்மன் என்னும் ஐவர் அதன் தொடக்க உறுப்பினர். 1967இல் மிக்கி ஹாட் என்பார் இரண்டாவது முரசுக் கலைஞராகச் சேர்ந்தார். குழுவின் பெயருக்கு 'நன்றியுள்ள இறந்தோர்' என்பது பொருள். கேட்டவுடன் அச்சந் தரும் இப்பெயர் உண்மையில் ஒரு பழங்கதை மரபைக் குறிப்பது. அடக்கஞ் செய்வாரின்றிக் கிடந்த ஒருவனின் உடலை வழிப்போக்கன் ஒருவன் தன் பொருளைச் செலவிட்டு அடக்கஞ் செய்கின்றான். இறந்தவனின் ஆவி பின்னர் வழித்துணையாக வந்து அவனுக்கு உதவுகின்றது. பல நாடுகளில் வழங்கும் இக்கதை வகையின் பெயரை அகராதி ஒன்றிற் கண்டு காசியா தேர்ந்தார். செய்ந்நன்றி என்பது அக்குழுவின் பெயரிலேயே அமைந்து கிடந்தது. அந்நன்றி எவ்வாறு பலித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முப்பது ஆண்டுகளில் இக்குழு ஏறக்குறைய 2300 கச்சேரிகளை நிகழ்த்தியது. விற்பனைப் பட்டியலில் முதற் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டு இதற்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் குழு தோன்றி இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1987இல் வந்தது. இசைத்தட்டு விற்பனையே புகழுக்கு வழி என்று கருதப்பட்ட காலத்தில், இவர்கள் மேடையையே வீடாகக் கொண்டு வாழ்ந்தனர். வானொலி இவர்களைப் பரப்பவில்லை. கேட்டவர் கேளாதவர்க்குச் சொல்லியே இவர்தம் புகழ் பரந்தது.

மேடையில் இவர்கள் செய்த புதுமை யாது? இன்ன பாட்டின் பின் இன்ன பாட்டு என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு இவர்கள் மேடையேறுவதில்லை. நேற்றுப் பாடியவற்றை இன்று பெரும்பாலும் பாடுவதில்லை. ஒரு பாட்டின் முடிவிலிருந்தே அடுத்த பாட்டைப் பிறப்பிப்பர். இடையில் மௌனம் இராது. எப்பாட்டு எப்பாட்டினுள் நுழையப் போகின்றது என்பதைச் சில வேளைகளில் அவர்களே அறியார். 'டாக் ஸ்ரார்' என்னும் பாட்டு 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடத்திற்கும் குறைந்தது. அடுத்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ மேடையொன்றிற் பதிந்து 'லைவ் டெட்' என்னும் தொகுதியில் வெளியிட்டபோது அதுவே இருபத்து மூன்று நிமிடமாக விரிந்தது. விதை ஒன்றுதான், மேடைதோறும் முளைத்த மரம் வேறு. ஆகவே, இசைத்தட்டை மட்டும் கேட்டவன் அப்பாட்டைக் கேட்டவனாகான். ஓர் இரவு மட்டும் கேட்டவனும் முற்றக் கேட்டவனாகான்.

இவ்வகையான கற்பனையிசை நமக்கு அந்நியமன்று. மனோதர்மம் என்று நம் இசைவாணர் கூறுவதன் அருமையை அறிந்தோர், இக்குழுவின் இரசிகரது மனநிலையை எளிதில் உணர்வர். வெறும் ஒப்புமையால் மாத்திரம் இதனைக் கூறவில்லை; உண்மைத் தொடர்பும் உண்டு. 1967இல் மிக்கி ஹாட், தபேலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்து இந்தியத் தாளக் கணக்குகளைக் கற்கலானார். நான்கு எண்ணிக்கைக்குள் அடங்கிக் கிடந்த றொக் இசையில், பதினோர் எண்ணிக்கையில் அமைந்த பாட்டையும், பத்து எண்ணிக்கையில் அமைந்த பாட்டையும் இக்குழு துணிந்து பாடியது. முற்கூறிய பாட்டின் பெயரே 'பதினொன்று' என்று பொருள்படுவது. பிற்காலத்தில் மிக்கி ஹாட் 1991இல் வெளியிட்ட 'பிளனற் டிறம்' என்னும் தாளவிசைத் தொகுதியிற் கடம் வாசித்தவர், நம் தமிழ்க் கலைஞராகிய விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட கிறாமி விருதை 1992இல் அத்தொகுதி பெற்றது. கடல் கடந்த அம்மேடையின் ஓசையில் நம் மண்பானையின் நாதமும் ஒருவாறு கலந்திருக்கின்றது.

இனி, இரசிகரிடம் வருவோம். இசை ஒவ்வோர் இரவும் வேறுபடுமாயின், ஓர் இரவைத் தவறவிட்டவன் அதனை என்றைக்கும் இழந்தவனாவான். அவ்விழப்பைப் பொறுக்க மாட்டாத சிலர், 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், ஒலிப்பதிவுக் கருவிகளை ஆடைக்குள்ளும் பைக்குள்ளும் மறைத்துக் கச்சேரிக்குக் கொண்டு சென்றனர். பணியாளர் கண்டால் தடுப்பர். கருவியைப் பறித்தலும் உண்டு. எனினும் பதிவு நிற்கவில்லை. பதிந்தவர் தமக்குள் நாடாக்களைப் பரிமாறிக்கொள்ளச் சிறு சங்கங்களை அமைத்தனர். 1974இல் நியூயோர்க் நகரில் இதற்கென ஒரு சிற்றிதழே தோன்றியது.

வேறொரு குழுவாயின் வழக்குத் தொடுத்திருக்கும். இக்குழு அவ்வாறு செய்யவில்லை. அதற்குக் காரணம், காசியாவே முன்னர் அவ்வாறு பதிந்தவர் என்பதாகலாம். 1964இல், குழு தோன்றுதற்கு முந்திய ஆண்டு, அவர் நண்பர் ஒருவருடன் மோட்டார் வண்டியில் அமெரிக்காவின் குறுக்கே பயணஞ் செய்து, புளூகிறாஸ் என்னும் நாட்டுப்புற இசைக் கச்சேரிகளை நாடாவிற் பதிந்து திரிந்தார். மூத்தோரின் இசையைச் செவியாற் கற்க விழையும் மாணவனுக்கு நாடாவின் அருமை தெரியும். தாம் மாணவராயிருந்தபோது செய்ததைப் பிறர் செய்யும்போது அவர் எவ்வாறு தடுப்பார்?

காலப்போக்கிற் பதிவோரின் தொகை பெருகியது. ஒலிவாங்கிகளைத் தாங்கிய நெடுங்கம்புகள் அரங்கில் நாணற்காடுபோல நின்று பின்னிருந்தோரின் பார்வையை மறைத்தன. 1984ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், பேக்லி நகர அரங்கிலே, பதிவோருக்கெனத் தனியான நுழைவுச் சீட்டும் தனியான இடமும் முதன்முதலாக வழங்கப்பட்டன. மேடையொலிகளைக் கலந்து சீர்செய்யும் பொறியியலாளரின் இருக்கைக்குப் பின்புறம் அவ்விடம் அமைந்தது. நிபந்தனை ஒன்றே: பதியலாம், படியெடுக்கலாம், பரிமாறலாம், விற்றல் கூடாது.

இந்நிபந்தனையே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம். நாடா இல்லாதவன் இருப்பவனுக்கு எழுதுவான். வெறும் நாடாவையும் திரும்பி வரும் தபாற் செலவையும் அனுப்புவான். இருப்பவன் தன் நேரத்தைச் செலவிட்டுப் படியெடுத்து அனுப்புவான். கூலி இல்லை. பெற்றவன் செலுத்த வேண்டிய கடன், தன்னிடம் கேட்கும் அடுத்தவனுக்கு அவ்வாறே செய்தல். முகமறியாதோர் இடையே இத்துணைப் பெரிய நம்பிக்கை வலை, எழுதிய சட்டம் எதுவுமின்றி ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்தது வியத்தற்குரியது.

நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் சிறிது கூடும். இசையின் தெளிவு சிறிது குறையும். ஆகவே, இந்நாடா மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை, எவ்வகை ஒலிவாங்கியால் எவ்விடத்திலிருந்து பதியப்பட்டது, எவ்விடத்திற் சிதைந்துள்ளது என்பனவெல்லாம் உறையின்மேற் குறிக்கப்பட்டன. ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர், இது இன்ன பிரதியைப் பார்த்து இன்னார் எழுதியது என்று குறித்து வைத்த வழக்கத்தை அறிந்த தமிழாசிரியனுக்கு, இச்செய்தி எவ்வளவு இனிமை பயக்கும்! பல்கலைக்கழகப் பட்டமோ பதிப்பாசிரியர் பயிற்சியோ இல்லாத இளைஞர், இசைமேற் கொண்ட காதல் ஒன்றினால் மட்டும், பதிப்புக் கலையின் முதல் விதிகளைத் தாமே கண்டுகொண்டனர்.

உயர்தர வகுப்பிற் பாடபேதம் என்னும் பொருளைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். ஒரே குழு ஒரே பாட்டை மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாகப் பாடிய பதிவுகள் தம்மிடம் உள்ளன என்றும், அவற்றுள் எது சரியான பாடம் என்றும் அவர் கேட்டார். நல்ல வினா. செய்யுளில் வேறுபாடு காணப்படின், புலவன் எழுதியது ஒன்றே, ஏனையவை எழுதினோர் வழுவால் வந்தவை என்று கொண்டு மூலத்தைத் தேடுகின்றோம். மேடையிசையிலோ மூன்றும் மூலமே. எதுவும் எதனினின்றும் திரிந்ததன்று. ஆகையால் அங்கே ஆராயத்தக்கது எது சரி என்பதன்று. ஒவ்வொன்றிலும் கலைஞன் எதனைத் தேடினான் என்பதே. இவ்வாறு விடை கூறியபோது, அம்மாணவர் கூர்ந்து கேட்ட அளவு அவ்வாண்டில் வேறெப் பாடத்தையும் கேட்டிலர். ஒரு பாட்டை இருபது இரவுகளிற் கேட்டு ஒப்புநோக்குபவன், தன்னையறியாமலே திறனாய்வு பயில்கின்றான். அவனை வெறியன் என்று தள்ளுதல் தகுமோ?

இவ்வொப்புநோக்கின் புகழ்பெற்ற விளைவு ஒன்றைக் கூறல் வேண்டும். 1977ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் இதாக்கா நகரிலுள்ள கோணெல் பல்கலைக்கழகத்தின் பாட்டன் மண்டபத்தில் இக்குழு பாடியது. மே மாதமாயினும் அன்று பனி பெய்தது. இரண்டு பாட்டுக்களை இடைவெளியின்றி ஒன்றாக இணைத்துப் பாடிய பகுதியும், அணுவழிவுக்குப் பின்னான உலகைப் பற்றிய 'மோணிங் டியூ' என்னும் துயரப் பாட்டும் அவ்விரவில் ஒப்பற்றனவாக அமைந்தன என்பது இரசிகரின் துணிபு. குழுவின் ஒலிப்பதிவாளராகிய பெற்றி கன்ரர் ஜாக்சன் என்னும் அம்மையார் அதனைத் தெளிவாகப் பதிந்து வைத்தார். அவர் பதிந்த நாடாக்களின் பெருந்தொகுதி பின்னர் வாடகைக் கிடங்கு ஒன்றில் இருந்தது. வாடகை செலுத்தப்படாமையால் 1986இல் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. எடுத்தவருள் இரசிகரும் இருந்தமையால் அவற்றுட் பல அழியாது தப்பின. படியெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவின. அவ்விதம் பரவிய கோணெல் இரவு, பல்லாண்டு கழித்தும் மறவாத இரவென இரசிகர் உள்ளத்தில் நிலைக்கத் தக்கதாயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நாட்டின் அரும் ஒலிப்பதிவுகளைத் தேர்ந்து காக்கும் தேசியப் பதிவேட்டில், 2011ஆம் ஆண்டுக்கான பட்டியலில் இதனைச் சேர்த்துக்கொண்டது. நாற்பதாண்டு நிறைந்த 2017இலேதான் அது முறைப்படி விற்பனைக்கு வந்தது. நிறுவனங்கள் மதிப்பிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே கேட்டோர் மதிப்பிட்டுவிட்டனர்.

அவ்விரவே தலைசிறந்தது என்பதை எல்லா இரசிகரும் ஒப்புக்கொள்வாரல்லர். நல்ல பதிவு கைக்குக் கைமாறிப் பரவியமையாலேதான் அதற்கு அத்துணைப் புகழ் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஏடு கிடைத்த புலவனே பெரும்புலவன் எனப்படுதல் இலக்கிய உலகிலும் காண்பதே. ஆயின் அது காப்பின் குற்றமன்று, காவாதுவிட்டவற்றின் இழப்பே.

இரசிகரின் அன்பைக் குழுவும் மறந்திலது. 1971இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில், கேட்போர் தம் முகவரியை எழுதியனுப்புமாறு வேண்டி, அவர்களுக்குச் செய்திமடல் அனுப்பியது. 1974இல், பின்வரிசையில் இருப்பவனுக்கும் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று, ஏறக்குறைய எழுபத்தைந்து தொன் நிறையுள்ள மாபெரும் ஒலிபெருக்கிச் சுவர் ஒன்றை மேடையில் எழுப்பியது. அதன் செலவும் சுமையும் தாங்கவொண்ணாதனவாகி, அவ்வாண்டின் இறுதியிற் குழு கச்சேரிகளை நெடுநாள் நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. நாடா சேர்ப்பதையே வாழ்வாகக் கொண்டிருந்த டிக் லற்வாலா என்னும் இரசிகரைத் தன் ஒலிக்காப்பகத்திற்கே பொறுப்பாளராக்கியது. அவர் தேர்ந்த பழைய கச்சேரிகள் 1993 முதல் வரிசையாக வெளிவந்தன. இரசிகன் காவலனாகவும் காவலன் பதிப்பாசிரியனாகவும் உயர்ந்தமைக்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

இனி, இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றை நடுநிலையில் ஆராய்வோம்.

இலவசமாக வழங்கினாற் கலைஞன் எவ்வாறு பிழைப்பான் என்பது முதல் வினா. நியாயமான வினாவே. இக்குழுவின் வரலாறு தரும் விடை இது: நாடாக்கள் பரவப் பரவக் கச்சேரிக்கு வருவோர் பெருகினர். 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் மேடைக் கச்சேரியால் மிகுந்த வருவாய் ஈட்டிய குழுக்களுள் இதுவும் ஒன்றாயிற்று. குழுவுக்குப் பாட்டெழுதியவருள் ஒருவராகிய ஜோன் பெறி பாலோ, 1994இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கணினி வலையுகத்தில் அறிவுச்செல்வம் எவ்வாறு பெருகும் என்பதற்கு இதனையே சான்று காட்டினார். எனினும் எல்லாக் கலைஞருக்கும் இது பொருந்துமென யான் கூறேன். இரவுதோறும் புதியதொன்றைப் படைக்க வல்லவனே பழையதை வழங்க அஞ்சான். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்பவனுக்கு அவ்வழி ஒத்துவராது.

நன்றியும் உரிமையும் மோதிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. கணினி வலையிற் காப்பகம் ஒன்று இக்கச்சேரிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து, எவரும் இறக்கிக்கொள்ள வைத்திருந்தது. 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம், குழுவின் தரப்பினர் அதனை நிறுத்துவித்தனர். இரசிகர் கிளர்ந்தெழுந்தனர். சில நாட்களிற் சமரசம் ஏற்பட்டது: கேட்போர் சபையிலிருந்து பதிந்தவற்றை முன்போல் இறக்கிக்கொள்ளலாம்; குழுவின் ஒலிக்கருவியிலிருந்து நேரே பதிந்தவற்றைக் கேட்கலாம், இறக்குதல் கூடாது. என் நோக்கில் இது அறத்தொடு பட்ட தீர்ப்பு. இரசிகன் தன் உழைப்பாற் பதிந்தது பொதுச் சொத்து. கலைஞன் தன் பொருளாற் பதிந்தது அவன் சொத்து.

இரண்டாவது தடை, பதிபவன் இசையைச் சுவைப்பதில்லை என்பது. ஒலிவாங்கியின்மேற் கண்ணும் கருவியின் முள்மேற் கருத்துமாக இருப்பவன் இசையை எங்ஙனம் நுகர்வான்? ஓரளவு உண்மைதான். ஆயின் அன்று பதிந்தவர் அசையாமலும் பேசாமலும் இருந்தனர். பேசினாற் பதிவு கெடும். கூட்டத்திடை மௌனம் காத்த சிலர் அவர்களே. தமக்காக மாத்திரமன்றி வராதவனுக்காகவும் அவர் செவி கொடுத்தனர். இன்றைய நிலை வேறு. கச்சேரி தோறும் ஆயிரம் கைப்பேசிகள் உயர்கின்றன. அவற்றுள் அடங்கும் துணுக்குகளை எடுத்தவரே மறுமுறை கேட்பதில்லை. பதிதல் எளிதாயிற்று; காத்தல் அரிதாயிற்று. கருவி பெருகிய காலத்திற் காவலர் குறைந்தமை கவலைக்குரியது.

மூன்றாவது தடை மிகப் பாரமானது. இக்குழுவைச் சூழ்ந்து போதைப்பொருட் பழக்கம் தொடக்கமுதலே வளர்ந்தது. அதனை மறைத்தெழுதல் மாணவர்க்குச் செய்யும் துரோகமாகும். கூட்டம் பெருகப் பெருக, இசைக்காக அன்றிக் கும்பலுக்காக வந்தோரும் பெருகினர். 1995ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி இன்டியானா மாநிலத்தில் நுழைவுச் சீட்டில்லாதோர் வேலியை உடைத்து உள்ளே பாய்ந்தனர். மறுநாட் கச்சேரி கைவிடப்பட்டது. ஒருவாரத்தின் பின் சிக்காகோவில் நிகழ்ந்ததே குழுவின் இறுதிக் கச்சேரியாயிற்று. ஓகஸ்ற் 9ஆந் திகதி, போதைப் பழக்கத்தினின்று மீளச் சென்றிருந்த சிகிச்சை நிலையத்தில், காசியா தம் ஐம்பத்து மூன்றாம் வயதிற் காலமானார். கிறேற்புல் டெட் என்னும் பெயரும் அவ்வாண்டோடு ஓய்வு பெற்றது. வேலியை உடைத்தவனும் தன்னை இரசிகன் என்றே அழைத்துக்கொண்டான்; இருபதாண்டு நாடா காத்தவனும் அப்பெயரையே கொண்டான். ஒரு சொல்லுக்குள் இருவேறு மனிதர். பற்று ஒன்றே, ஒருவன் பற்றியதை அழித்தான், மற்றவன் பற்றியதைக் காத்தான். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவதே ஆசிரியர் கடன். இசையையே தடுப்பதாற் பயனில்லை.

காத்தவர் உழைப்பு இன்று கனிந்திருக்கின்றது. குழுவின் ஆவணங்கள் 2008இற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குறூஸ் வளாகத்திற்கு வழங்கப்பட்டன. நுழைவுச் சீட்டு வேண்டி இரசிகர் வண்ணச் சித்திரந் தீட்டி அனுப்பிய கடித உறைகளும் அவற்றுள் அடங்கும். 2012இல் அங்கே அவற்றுக்கென ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. இளைஞர் வெறி என்று அன்று ஒதுக்கப்பட்டது, இன்று பேராசிரியர் ஆராயும் பொருள். காசியா மறைந்த பின் பிறந்தவர், அவர் விரல் கிற்றார் நரம்பின்மேல் ஓடிய இரவுகளை நாள் தவறாது வரிசைப்படுத்திக் கேட்கின்றனர். பழங்கதையில், அடக்கஞ் செய்தவனுக்கு இறந்தோன் நன்றி செலுத்தினான். இங்கோ, இசை தந்து இறந்தவனுக்குக் கேட்டோர் நன்றி செலுத்தினர். பெயர் பலித்த வகை இதுவே.

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு வேண்டுகோள்கள்.

மாணவர்களே, நீங்கள் விரும்பும் இசை எந்நாட்டதாயினும் ஆகுக. அதனை மேலெழுந்தவாரியாகக் கேளாதீர். ஒன்றை ஒருமுறை கேட்டுப் பத்தை நாடுவதினும், ஒன்றைப் பத்து வகையிற் கேட்டு வேறுபாடு காணுதல் மேல். பதிவு செய்வீராயின் நாளும் இடமும் பாடியவர் பெயரும் குறித்து வையுங்கள். பெயரற்ற பதிவு முகவரியற்ற கடிதம் போன்றது. பெற்றதை மற்றவர்க்குக் கொடுங்கள். உரிமையுடையவன் உரிமையை மதியுங்கள்.

பழைய மாணவர்களே, நம் கல்லூரி மண்டபத்தில் நிகழ்ந்த இசைவிழாக்கள், நாடகங்கள், நாவன்மைப் போட்டிகள், பரிசளிப்பு விழாப் பேருரைகள் ஆகியவற்றை ஒலிநாடாவிற் பதிந்தோர் உங்களுட் சிலரேனும் இருத்தல் கூடும். அந்நாடாக்கள் அலுமாரியின் அடியிலோ, கடல் கடந்த வீட்டின் நிலவறையிலோ கிடக்கலாம். காந்த நாடா நெடுங்காலம் தாங்குவதன்று. நம் நாட்டு ஈரக் காற்றில் பூஞ்சணம் பற்றும். இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. அவற்றைக் கணினியிற் படியெடுத்து, நாளும் பேரும் குறித்து, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திற்கு வழங்குங்கள். விழாவுக்கு நீங்கள் அளிக்கும் பொற்கிழியினும் அது குறைந்ததன்று. அயல்நாட்டு இளைஞர் தாம் பிறவாத ஊரிலே நிகழ்ந்த ஒரு கச்சேரியை, நூறு கைகள் மாறியும் நாள் குறிப்போடு காத்தனர். நாம் படித்த கல்லூரியின் குரலை நாம் காத்தல் பெருங்காரியமன்று. ஒரு வெறும் நாடாவும், தபாற் செலவும், ஒரு மாலைப் பொழுதுமே அவர்களுக்குச் செலவாயின. நமக்கு அவ்வளவும் வேண்டா. ஒரு மாலைப் பொழுது போதும்.